சனிக்கிழமையோடு முடிந்த சீசன்

டெக்சாஸில் மான் வேட்டை சீசன் ஜனவரியின் முதல் ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்வரை உண்டு. ரூஃபஸ், கிருபைராஜ், ஞானமணி மூவருக்கும் அது அதற்கு முந்தின நாளே முடிந்துவிடும். ஓய்வுநாளில் துப்பாக்கி தூக்கக் கூடாது என்று ரூஃபஸ் முதல் வருஷமே சட்டம் போட்டிருந்தார். மூவரும் தெற்கத்திக் கிறிஸ்தவ ஊரான நாசரேத் பக்கத்துக்காரர்கள், ஆகவே மற்ற இருவரும் அதற்கு மறுபேச்சு பேசவில்லை. ஞாயிறு காலையில் இவர்கள் வேட்டைக்குக் குத்தகை எடுத்த நிலத்தைச் சுற்றி வெடிச்சத்தம் கேட்கும் நேரம், இவர்கள் தாங்கள் குடியிருக்கும் காப்பெல் ஊரில் தமிழ் ஆராதனையில் நின்று பாடிக்கொண்டிருப்பார்கள்.

எண்பத்தேழு ஜனவரியில் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஞானமணி ஓடைக்கரைப் பரணில் தனியாக உட்கார்ந்திருந்தான். அந்த சீசன் முழுக்க மூவருக்கும் ஒரு மான்கூட விழவில்லை. சும்மா திரும்பிப் போவது மற்ற வருஷமாயிருந்தால் பெரிய காரியமில்லை. ஆனால் நவம்பரில், ஆராதனை முடிந்து அறிவிப்புகள் சொல்லும்போது, ரூஃபஸ் எழுந்து நின்று, "வருஷப் பிறப்பு அசனத்துக்குக் கறி எங்க பொறுப்பு. ஆட்டுக்கறி இல்லை, மான் கறி!" என்று சொல்லிவிட்டார். சபையே கைதட்டியது. ஊரில் அசனம் என்றால் சபையார் எல்லாரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து ஒரே பானைச் சோறு உண்பது. இங்கே பந்தல் கிடையாது. வெள்ளைக்காரர்களின் கோயிலில் வாடகைக்கு எடுத்த ஹாலும் காகிதத் தட்டும்தான். மான் கறி இருந்தால் அந்தக் குறை தீரும் என்று எல்லாரும் நம்பினார்கள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது கொம்பு மான் ஒன்று சீடர் என்கிற ஊசியிலை மரப் புதருக்குள்ளிருந்து வந்து, மானை வரவழைக்கச் சோளம் கொட்டியிருந்த இடத்தில் நின்றது. ஞானமணிக்குப் பாதி முதுகும் பின்பக்கமும்தான் தெரிந்தன. அது திரும்புகிறவரை காத்திருக்க வேண்டும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். கட்டடக் கம்பெனியில் வரைபடம் போடுகிறவன் அவன். ஒரு கோட்டை இரண்டு தரம் அளக்காமல் இழுக்கமாட்டான். ஆனாலும் மறுநாள் அசனம் அவன் நினைப்பில் வந்தது. மான் தலையைத் தூக்கியது, போய்விடப் போகிறது என்று நினைத்தான், சுட்டுவிட்டான்.

மான் முதுகை வளைத்து ஒரு குதி குதித்துப் புதருக்குள் ஓடியது.

சத்தம் கேட்டு மற்ற இருவரும் டார்ச்சோடு வந்தார்கள். ரூஃபஸ் குனிந்து புல்லைத் தொட்டு, விரலை மோந்து பார்த்தார். இரத்தம் கறுப்பாக இருந்தது, அதில் மென்ற புல் பச்சையாகக் கலந்திருந்தது.

"வயித்துல பட்டுருக்கு" என்றார்.

"அப்படின்னா?" என்று கிருபைராஜ் கேட்டான். தெரிந்துகொண்டேதான் கேட்டான். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவனுக்கு அந்த நாற்றத்தின் அர்த்தம் தெரியாமல் இருக்குமா?

"சீக்கிரம் சாவாது."

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை நிலத்துக்காரர் ஃபோகல் குத்தகை எடுத்த முதல் நாளே சொல்லியிருந்தார். எழுபது வயதுக்காரர், அந்த மேட்டு நிலத்து ஜெர்மன் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். மூவரையும் பரண் பரணாக நடத்திக்கொண்டு போய்க் காட்டி, ஞானமணி கையில் கேட் சாவியையும் கொடுத்துவிட்டு அவர் சொன்னது ஒரே விஷயம். குறி தவறலாம், தப்பான இடத்திலும் படலாம். அப்படிப் பட்டால் புதருக்குள் மிதித்துத் தேடாதீர்கள். எந்த நேரமானாலும் என் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள். நானும் நாயும் போய் முடித்துவிட்டு வருவோம். குத்தகைக்கு எடுக்கிறவர்களிடம் நான் கேட்கிறது அது ஒன்றுதான்.

மூவரும் வண்டியை எடுத்துக்கொண்டு ஃபோகல் வீட்டுக்குப் போனார்கள். உள்ளே நாய் குரைத்தது. படியேறி வராந்தாவில் நின்றபோது ஜன்னல் வழியாகச் சாப்பாட்டு மேஜை தெரிந்தது. ஃபோகலும் அவர் மனைவியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி தலை குனிந்திருந்தார்கள்.

"ஜெபம் பண்ணுதாங்க" என்று ரூஃபஸ் கிசுகிசுத்தார். "இப்பம் தட்டப்பிடாது."

அது சரியாகத்தான் பட்டது. ஊரில் ஒரு வீட்டில் குடும்ப ஜெபம் நடந்தால், வந்தவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஆமென் கேட்கிறவரை வாசலிலேயே நிற்பான். கிருபைராஜ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். மூவரும் அப்படியே நின்றார்கள். அந்த நிற்பில்தான் பயம் வந்து சேர்ந்தது.

"என்னன்னு சொல்லப் போறோம்?" என்றார் ரூஃபஸ்.

"நான்தான அண்ணாச்சி சுட்டேன். நான் சொல்லுதேன்."

"நீரு சொன்னா மூணு பேரும் சொன்ன மாதிரிதான் வே. இந்த லீஸ் வாங்க நான் என்ன பாடுபட்டேன்னு உமக்குத் தெரியுமா? ஆபீஸ்ல ஒருத்தன் கேட்டான், உங்க ஊர்ல யானை மேல உக்காந்துதான சுடுவீங்க, பரண்ல ஏறத் தெரியுமான்னு. இப்பம் இந்தக் கெழவனும் நினைப்பான், இவனுவளுக்கு சுடத் தெரியாதுன்னு."

"தெரியலைதான" என்றான் கிருபைராஜ்.

"சும்மா இரும் வே. இருட்டிட்டு. காலையில தேடிக்கிடலாம்னா நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நமக்கு சீசன் முடிஞ்சிட்டு."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது ரூஃபஸின் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. ஞானமணிக்கு அது கேட்டது. தனக்குள்ளும் அதே நிம்மதி இருந்ததை அவன் உணர்ந்தான். ஜன்னலுக்குள் இன்னும் தலைகள் நிமிரவில்லை. மூவரும் சத்தம் போடாமல் படியிறங்கினார்கள்.

சீசன் முடிந்து வீடு திரும்பும்போது நடந்ததையெல்லாம் எடுத்துப் பேசிச் சிரிப்பது அவர்கள் வழக்கம். பரணில் தூங்கினது யார், பசுமாட்டைப் பார்த்து மூச்சைப் பிடித்தது யார் என்று பேசினால் நாலு மணி நேரப் பாதை போகிறதே தெரியாது. அன்றைக்கும் கிருபைராஜ்தான் ஆரம்பித்தான்.

"அண்ணாச்சி பிளாஸ்க்கைத் தொறந்ததும் சுக்குக் காப்பி வாசம் ஓக்லஹோமா வரைக்கும் போச்சு. மான்லாம் அந்தாக்குல நாட்டை விட்டே போயிட்டு."

"நீரு மட்டும் என்ன? தேங்க்ஸ்கிவிங் லீவுல பரண்ல இருந்து விட்ட குறட்டைக்கு கீழ மேய்ஞ்ச அந்த ஆர்மடில்லோப் பிராணி பதில் குறட்டை விட்டுதே!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். பின்சீட்டில் ஞானமணி சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது.

"நாம வேட்டைக்காரங்கதானா அண்ணாச்சி?" என்று கிருபைராஜ் கேட்டான். இந்தத் தரம் கேலி இல்லை. "மூணு வருஷமா வாரோம். ரைபிள் வாங்கினோம், பூட்ஸ் வாங்கினோம், போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினோம். சீசன் முடியும்போது ஒவ்வொரு வருஷமும் ஒரு நல்ல கதை கொண்டு போறோம். இந்த வருஷக் கதையை யாருகிட்ட சொல்ல?"

"யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்."

"அண்ணாச்சி, வண்டியைத் திருப்புங்களேன்" என்றான் ஞானமணி.

"திருப்பி? அவன் சாப்பிட்டு முடிச்சிருப்பான். அப்பமே ஏன் தட்டலைன்னு கேப்பான். என்ன சொல்லுவீரு?"

ஞானமணி திரும்பிப் பின்கண்ணாடி வழியாக இருட்டைப் பார்த்தான். வண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தது.

வழியில் ஒரு சிறிய ஊரின் ஓரத்தில் மெக்ஸிகோக்காரர் கறிக்கடை ஒன்று விளக்குப் போட்டு வைத்திருந்தது. ரூஃபஸ் வண்டியை ஓரம் கட்டினார். உரித்த வெள்ளாடுகள் வரிசையாகத் தொங்கின. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"கொத்தமல்லியும் கரம் மசாலாவும் ஏறிட்டா எவனுக்குத் தெரியும்?" என்றார் ரூஃபஸ். ஆடுகளைத் துண்டு போட்டு, ஐஸ் பெட்டியில் அடுக்கினார்கள். மானுக்கென்று கொண்டு வந்த பெட்டி அது.

மறுநாள் காலை ஹாலுக்குப் பின்னாலிருந்த சமையல் கட்டில், ஞானமணியின் மனைவி ஜெபராணி கறியைக் கழுவ உட்கார்ந்தாள். இரண்டு துண்டை எடுத்துப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"ஏங்க, இங்க வாங்க. போன வருஷம் நீங்க கொண்டு வந்த மான்ல நூலாட்டம்கூடக் கொழுப்பு இல்லை. இதுல மெழுகு மாதிரி ஒட்டியிருக்கு."

"சோளம் தின்ன மானு" என்றான் ஞானமணி.

"சோளம் தின்னா விலாவெலும்பு இந்த சைஸுக்குச் சுருங்குமா?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆடுதான? சரி, மான் கிடைக்கலைன்னா கிடைக்கலைன்னு சொல்லிட்டுப் போங்க. அதுக்கு ஏன் விடிய விடியத் தூங்காம உக்காந்திருந்தீங்க?"

அவன் சொன்னான். சுருக்கமாக, ஒன்றன்பின் ஒன்றாக, பரணிலிருந்து வராந்தா வரைக்கும் சொன்னான். அவள் கேட்டு முடித்துவிட்டுக் கழுவின கறியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இப்பம் அது உயிரோட இருக்குமா?"

"இருக்கலாம்."

"நீங்க ஞாயித்துக்கிழமைன்னு வந்துட்டீங்க. அதுக்கு இன்னைக்கு என்ன கிழமைன்னு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அவள் மறுபடி தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

ஆராதனை முடிந்தது. அசனத்துக்கு முன்னால் சபைப் போதகரான ஐயர் மூவரையும் முன்னால் அழைத்து நிறுத்தினார். குளிரில் பாடுபட்டு இந்த ஆகாரத்தைக் கொண்டு வந்த கைகளுக்காக ஸ்தோத்திரம் செய்தார். ரூஃபஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். கிருபைராஜ் தன் ஷூவைப் பார்த்தான். ஞானமணியின் கையில் ராத்திரி வழியில் கழுவின பெட்ரோல் பங்க் சோப்பு வாசனை இன்னும் இருந்தது. அத்தனை தரம் கழுவியிருந்தான்.

பந்தி ஆரம்பித்தது. ஞானமணியின் பக்கத்து வீட்டுக்காரர் வாஞ்சிநாதன், சபையைச் சேராதவர், மான் கறிக்காகவே குடும்பத்தோடு வந்திருந்தார். இரண்டாம் தரம் தட்டை நீட்டிக்கொண்டு வந்தார்.

"ஞானமணி சார், சான்ஸே இல்ல! லைஃப்ல ஃபர்ஸ்ட் டைம் மான் சாப்பிடறேன். மட்டனெல்லாம் இது கிட்டயே வர முடியாது. அந்த வைல்ட் டேஸ்ட் தனியா தெரியறது பாருங்க!"

"தெரியத்தான் செய்யும்" என்று கிருபைராஜ் முனகினான்.

"எங்க பட்டுது சார்? நெத்தியிலயா, ஹார்ட்லயா? என் பொண்ணு கேக்கறா. அவளோட ஸ்கூல்ல சொல்லணுமாம்."

வாஞ்சிநாதனின் பெண், ஏழெட்டு வயதிருக்கும், கறித்துண்டை முள்கரண்டியில் குத்தி வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "டிட் இட் ஹர்ட், அங்கிள்?" என்று கேட்டாள்.

ஞானமணி திரும்பி நடந்து, நடைபாதையில் சுவரில் மாட்டியிருந்த டெலிபோனுக்குப் போனான்.

ஃபோகலே எடுத்தார். ஞானமணி தன் பெயரைச் சொன்னான். நேற்றுச் சாயங்காலம் ஓடைக்கரைப் பரணிலிருந்து ஒரு கொம்பு மானைச் சுட்டேன், வயிற்றில் பட்டது, தேடி எடுக்கவில்லை என்று சொன்னான்.

அந்தப் பக்கமிருந்து கேள்விகள் வந்தன. எந்தப் பக்கம் ஓடியது? இரத்தம் என்ன நிறம்? புதருக்குள் போனீர்களா? ஞானமணி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான்.

"நாயைக் கூட்டிக்கொண்டு இப்போதே போகிறேன்" என்றார் ஃபோகல். "நீ வா." போனை வைத்துவிட்டார்.

ஹாலுக்குத் திரும்பியபோது ரூஃபஸ் வாசலிலேயே மறித்தார். "யாருக்குப் போன் பண்ணினீரு? கெழவனுக்கா? என்ன வே, உமக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? லீஸ் போச்சு. என் மூஞ்சும் போச்சு."

"நான் போறேன் அண்ணாச்சி. நீங்களும் வாரீங்களா?"

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை" என்றார் ரூஃபஸ். ஆனால் சொல்லும்போது அவர் கண் தரைக்குப் போனது. கிருபைராஜ் கையில் கறி வாளியோடு நின்றான். வாளியைக் கீழே வைத்தான், மறுபடி தூக்கினான், அவ்வளவுதான்.

வாஞ்சிநாதன் வழியில் நின்று, "என்ன சார், கிளம்பிட்டீங்களா? இன்னொரு மானா?" என்றார்.

"அது ஆடு சார்" என்றான் ஞானமணி. "நீங்க சாப்பிட்டது வெள்ளாடு. கடையில வாங்கினது."

பக்கத்து மேஜையில் எல்லாரும் சிரித்தார்கள். ஞானமணி இப்படி ஜோக் அடித்து யாரும் கேட்டதில்லை. அவன் சிரிப்பு அடங்குகிறவரை நின்று, "நெஜமாத்தான்" என்றான். வாஞ்சிநாதன் தன் தட்டைப் பார்த்தார். சிரிப்பு மேஜை மேஜையாக நின்றுகொண்டே போனது. ஐயர் எழுந்து வருவதற்குள் ஞானமணி வெளியே வந்துவிட்டான். காரில் ஜெபராணி ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளைச் சபையில் அமலி அக்காவிடம் விட்டாயிற்று என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது சூரியன் சீடர் மரங்களின் உச்சிக்கு இறங்கியிருந்தது. ஃபோகல் வேலிக் கதவருகே நாயோடு காத்திருந்தார். கோயிலுக்குப் போட்ட ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைக்கூட மாற்றாமல் இருந்தார். முழங்காலில் சேறு காய்ந்திருந்தது.

"கிடைத்ததா?" என்று ஞானமணி கேட்டான்.

அவர் பதில் சொல்லாமல் முன்னால் நடந்தார். ஜெபராணி காரிலேயே இருந்துவிட்டாள்.

பரணுக்குக் கீழே தொடங்கி ஒவ்வொரு இடமாகக் காட்டிக்கொண்டு போனார். புதருக்குள் பத்தடியில் புல் நசுங்கிக் கிடந்தது. முதலில் இங்கே படுத்திருக்கிறது என்றார். நேற்று நாங்கள் டார்ச் அடித்துக்கொண்டு நின்ற இடத்துக்கும் இதற்கும் பத்தடிதானா என்று ஞானமணி நினைத்தான். எங்கள் குரல் கேட்டு எழுந்திருக்கும். அடுத்து ஒரு பாறை ஓரம். பிறகு வேலியோரம், அங்கே மண்ணைக் காலால் பறித்திருந்தது. கடைசியில் ஓடைக்குள் இறங்கியிருந்தது. வயிற்றில் குண்டு பட்ட மான் தண்ணீரைத் தேடும் என்று ஃபோகல் சொன்னார். ஒவ்வொரு இடத்திலும் ஞானமணி பார்த்து முடிக்கிறவரை நின்றார்.

மான் ஓடை மணலில் கிடந்தது. தலையில் புதிதாக ஒரு சிறு துளை இருந்தது.

"உயிரோடுதான் இருந்தது" என்றார் அவர். "எழுந்திருக்கப் பார்த்தது. நாயைக் கண்டு தலையைத் தூக்கியது. நீ வருகிறவரை வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை."

ஞானமணி மணலில் உட்கார்ந்துவிட்டான். மானின் வாயோரம் மணல் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கக் கை நீட்டி, பாதியில் எடுத்துக்கொண்டான்.

"நேற்று நாய் குரைத்தது" என்றார் ஃபோகல். "வண்டி வெளிச்சத்தையும் பார்த்தேன். ஆமென் சொல்லி எழுந்து வருவதற்குள் நீங்கள் இல்லை. ஊருக்குக் கிளம்புமுன் சொல்லிக்கொள்ள வந்திருப்பீர்கள், நாங்கள் சாப்பிடுகிறதைப் பார்த்துத் திரும்பிவிட்டீர்கள் என்று என் மனைவி சொன்னாள். நல்ல மனிதர்கள் என்றாள்." அவர் அவனைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் தட்டவில்லை?"

பதில் தயாராக இருந்தது. நீங்கள் ஜெபத்தில் இருந்தீர்கள், எங்கள் ஊரில் ஜெபத்தின் நடுவே கதவைத் தட்டமாட்டோம். அது பொய்யுமில்லை. இந்தக் கிழவர் அதைக் கேட்டால் தலையாட்டுவார். அதை மதிக்கிற மனிதர் அவர். ஒருவேளை அடுத்த நவம்பரில் மூவரும் இதே வேலிக்குள் நுழைந்து, ரூஃபஸ் பிளாஸ்க்கைத் திறப்பார். ஞானமணி வாயைத் திறந்தான். மான் அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"பயந்துட்டோம்" என்றான். முதலில் தமிழில்தான் வந்தது. பிறகு அவருடைய பாஷையில் சொன்னான். "எங்களுக்குச் சுடத் தெரியாது என்று நீங்கள் நினைப்பீர்களோ என்று பயந்து போய்விட்டோம்."

ஃபோகல் ஓடையைப் பார்த்தார். "நானும் இப்படிச் சுட்டிருக்கிறேன்" என்றார். "இந்த ஓடையிலேயே. தப்பாகச் சுட்டதற்காக நான் யாரையும் நிலத்தை விட்டு அனுப்பியதில்லை." பிறகு அவனுக்கு நேராகக் கையை நீட்டினார். எழுந்திருக்கக் கை கொடுக்கிறார் என்று நினைத்து ஞானமணி பற்றப் போனான். அந்தக் கை விரிந்தே இருந்தது.

"கேட் சாவி" என்றார்.

ஞானமணி பாக்கெட்டிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தான். வீட்டுச் சாவி, கார் சாவி, ஆபீஸ் சாவி எல்லாம் ஒரே வளையத்தில் இறுக்கமாக இருந்தன. குளிரில் விரல் விறைத்து, வளையத்தைப் பிரிக்க நகம் நுழையவில்லை. ஃபோகல் உதவவுமில்லை, அவசரப்படுத்தவுமில்லை. தூரத்தில் யாரோ சீசனின் கடைசிக் குண்டைச் சுட்டார்கள். நாய் காதைத் தூக்கிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. ஞானமணி வளையத்தைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான்.